ரெண்டு பேர் உப்பு போட்ட மோர்

சிதம்பரத்தில் குஞ்சிதபாதம் என்று ஒரு ஸ்டூடியோக்காரர். அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. கல்யாண ஆல்பம் செய்கிற அவருடைய பழைய சாப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஓட மாட்டேன் என்றது. புதிதாகச் சேர்ந்த தையல்நாயகி என்ன செய்தாள் தெரியுமா? அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் என்று இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் ஓட்டிக் காட்டிவிட்டாள். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி.

குஞ்சிதபாதத்துக்கு அது போதவில்லை. "டிஸ்க்கில் போட்டோ இருக்கிற பகுதியை, அந்தப் பார்ட்டிஷனை, உள் கம்ப்யூட்டரிலேயும் திறந்து விடு. வெளிக் கம்ப்யூட்டரிலே நம்ம பழைய ஆள் சுகுமாரும் அதிலேயே வேலை பார்க்கட்டும்."

"ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல அதுல எழுதினா படமெல்லாம் பாழாயிடும் சார்."

"முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

தையல்நாயகி உள்ளே போய் மோர் கலக்கி, அளவாக உப்பு போட்டாள். சுகுமாரிடம் நீட்டி, "அண்ணே, உப்பு போட்டு சாருக்குக் குடுங்க" என்றாள். அவனும் அளவாகப் போட்டுக் கொடுத்தான்.

ஒரு வாய் குடித்த குஞ்சிதபாதம் தூவென்று துப்பினார். "எவன்டா இதுல உப்பைக் கொட்டினது?"

"அளவாத்தான் சார் போட்டேன்" என்றான் சுகுமார்.

"நானும்தான் சார். நான் போட்டது அண்ணனுக்குத் தெரியாது. உள் கம்ப்யூட்டர் எழுதுறது வெளிக் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் தெரியாது. மோர் போனா வேற கலக்கலாம். படம் போனா, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இன்னொரு தரம் தாலி கட்டச் சொல்வீங்களா?"

குஞ்சிதபாதம் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"டேய் சுகுமார், வெளியிலே அந்தப் பார்ட்டிஷனை மூடுடா. முதல்ல அந்தப் பொண்ணு உப்பு போடட்டும்!"