முதல் வரியில் சுபம்

கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு உலகத்தில் ஏற்கெனவே எத்தனையோ மொழிகள் இருக்கின்றன. போதாதென்று பாளையங்கோட்டையில், ஒரு டயர் கடையின் மாடியில், இன்னொன்றும் பிறந்தது. பெயர் சுக்கு. பெற்றவன் இசக்கியப்பன். ஏன் சுக்கு என்று பெயர் வைத்தாய் என்று கேட்டால், "சளிக்கு நல்லதுல்லா" என்பான். கேட்டவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

அவனுக்குத் துணை இரண்டு பேர். மொழியின் வேகத்துக்குப் பொறுப்பு பூதத்தான். மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்து இளைப்பாறுகிற ஆள். மொழியின் சொற்களுக்குப் பொறுப்பு சொர்ணக்கிளி. பேச ஆரம்பித்தால் மூச்சு விட மறந்துவிடுவாள். மூன்றும் தங்கமான பிள்ளைகள். யார் என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். சிக்கலே அதுதான்.

இந்தப் பூமியில் சுக்கு மொழியை நம்பி இருந்த இடம் ஒன்றே ஒன்று. எதிரே இருந்த தங்கப்பழம் அண்ணாச்சியின் பரோட்டா கடை. கடை வாசலில் ஒரு போர்டு தொங்கும்; அதை ஓட்டுவது மாடியில் இருந்த கம்ப்யூட்டர். பரோட்டா தயாரானதும் டோக்கன் நம்பர் அதில் எரியும். எரியும் என்றால் ரொம்ப நிதானமாக எரியும். நம்பர் வருவதற்குள் பரோட்டா ஆறி, சால்னா ஏடு கட்டி, டோக்கன் வாங்கின ஆள் வீட்டுக்குப் போய்ப் பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்.

அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் மாடி ஏறி வந்தார்.

"ஏ தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். போர்டு வேகமா வேலை செய்யலேன்னா கழட்டி எறிஞ்சிட்டு, நானே தொண்டை கிழியக் கத்திக்கிடுவேன்."

இதைக் கீழே டயர் கடை வைத்திருந்த இசக்கியப்பனின் பெரியப்பா காதில் வாங்கிவிட்டார். மாடி அவருடையது. "ஏல இசக்கி! அந்தப் போர்டு இறங்குச்சுன்னா நீயும் இறங்கிருல. சனிக்கிழமைலேருந்து என் கடையில உக்காரு. எனக்கும் முட்டி வலி தாங்க முடியல" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

இசக்கியப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டான். ரப்பர் வாடை பட்டாலே அவனுக்கு அடுக்குத் தும்மல் வரும். அதைவிட, சுக்கு அவன் பெற்ற பிள்ளை மாதிரி. இருக்கிற ஒரே கடையும் கைவிட்டால் அதை யார் சீண்டுவார்கள்? சுக்கு செத்தால் நானும் செத்தேன் என்று நினைத்தான். செத்துவிட்டால் டயர் கடைக்குப் போக வேண்டாமே என்று பிறகு நினைத்தான். அதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. உடனே கூட்டத்தைக் கூட்டினான்.

"கம்ப்யூட்டர் ஏன் மெதுவா வேலை செய்யுது? காரணத்தைச் சொல்லுங்க" என்றான்.

"நாம பேசுத லட்சணம் அப்படி" என்றாள் சொர்ணக்கிளி. "'நம்பரைக் காட்டு'ன்னு மொட்டையா எழுதி வச்சிருக்கோம். மாமியாரு மருமகளை விரட்டுத மாதிரி. எவருக்கு அண்ணே வேலை செய்ய மனசு வரும்?"

"அது நம்மளவிட வயசுல சின்னதுதானே?" என்றான் பூதத்தான்.

"நாம வேலையில சேருததுக்கு முன்னாலயே அது இந்த மேசையில இருக்கு. சர்வீஸ்ல நமக்கு மூத்தது."

மூன்று பேரும் திரும்பி அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். ஒரு மூத்தவரை இத்தனை நாள் 'காட்டு, நிறுத்து' என்று அதட்டியதை நினைத்து இசக்கியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே மொழி மாறியது. 'நம்பரைக் காட்டு' போய், 'அண்ணாச்சி, சிரமம் பாக்காம அந்த நம்பரைக் கொஞ்சம் காட்டுங்களேன்' வந்தது. வரிக்கு வரி இப்படித்தான். பாவம் கம்ப்யூட்டர், அத்தனையையும் படித்து முடித்துத்தானே வேலைக்குப் போக முடியும்? அதுவரை ஆறிப்போய்க்கொண்டிருந்த பரோட்டா இப்போது காய்ந்தே போனது.

"மரியாதை கூடிப்போச்சு. கால் மேல கால் போட்டு உக்காந்துட்டாரு" என்று தீர்ப்புச் சொன்னான் பூதத்தான். மரியாதை எல்லாம் திரும்பப் பெறப்பட்டது.

அடுத்த யோசனை பூதத்தானுடையது. "மக்கா, நம்ம மொழியில 'ஒருவேளை'ன்னு ஒரு சொல் இருக்குல்லா? ஒருவேளை பரோட்டா வெந்திருந்தா 'வாங்க'ன்னு காட்டு, வேகலேன்னா 'பொறுங்க'ன்னு காட்டுன்னு எழுதுதோம். இப்படிச் சந்தேகத்தை உள்ள வச்சா அது யோசிக்காம என்ன செய்யும்? யோசிக்கப் போய்த்தான் நேரமாவுது. நான் ஹோட்டலுக்குப் போனா மெனு கார்டை வாங்கவே மாட்டேன், தெரியும்லா?"

"அப்ப 'ஒருவேளை'யை எடுத்திருவோமா?"

"அடியோட எடுத்திரு. சந்தேகமே இல்லாத மொழி, உலகத்துல வேற எங்க இருக்கு?"

எடுத்தார்கள். அன்று சாயங்காலம் போர்டில் 'பதினாலு வாங்க, பொறுங்க' என்று எரிந்தது. பதினாலாம் நம்பர்காரர் ரிட்டயர்டு கண்டக்டர். 'வாங்க' என்றதும் முன்னே போனார், 'பொறுங்க' என்றதும் பின்னே வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். "சர்வீஸ்ல இருந்தப்போ ஜனங்களை நான் இப்படித்தான் அலைய விட்டேன். இப்ப எனக்கே திரும்புது" என்று கண் கலங்கினார். பின்னாலிருந்த பதினைந்தும் பதினாறும் அவரோடு சேர்ந்து முன்னும் பின்னுமாக நடக்கத் தொடங்கவும், கும்மி நடப்பதாக நினைத்துத் தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

அண்ணாச்சி தோசைக்கரண்டியோடு மாடி ஏறி வந்தார்.

"என்னவே நெனச்சிட்டு இருக்கீங்க? நாளைக்கு வெள்ளிக்கிழமை! இனிமே உக்காந்து பேசிட்டே இருக்காதீங்க. முதல்ல முடிங்க! மத்ததெல்லாம் அப்புறம்!"

அவர் படியிறங்கிப் போகும்வரை மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள்.

"கவனிச்சீங்களா மக்கா?" என்றான் இசக்கியப்பன் மெதுவாக. "முதல்ல முடிக்கணுமாம். மத்ததெல்லாம் அப்புறமாம்."

சுக்கு மொழியில் எதை எழுதினாலும் கடைசி வரியில் 'சுபம்' என்று போட வேண்டும். பழைய சினிமாவில் வருமே, அதே சுபம்தான். அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு, போர்டிலும் அதையே காட்டிவிட்டு நின்றுவிடும்.

"நாம சுபத்தை எங்க வச்சிருக்கோம்?" என்று கேட்டான் இசக்கியப்பன்.

"கடைசியில."

"அதான் தப்பு. அவ்வளவு தூரம் வந்துதானே அது முடிக்க வேண்டியிருக்கு? அதையே முதல் வரியில வச்சா?"

சொர்ணக்கிளி வாயைப் பிளந்தாள். பூதத்தான் எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "மக்கா, இத்தனை நாள் எங்கல இருந்த நீ?"

"ஏண்ணே, நம்பரைக் காட்டுத வரியெல்லாம் சுபத்துக்குக் கீழல்லா போயிரும்?" என்று சொர்ணக்கிளிக்குச் சின்னதாய் ஒரு சந்தேகம்.

"அதைத்தானே அண்ணாச்சி 'மத்ததெல்லாம் அப்புறம்'னு அவர் வாயாலயே சொல்லிட்டுப் போறாரு."

அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது. சுபத்தை முதல் வரிக்கு ஏற்றிச் சோதித்தார்கள். வேகத்தை அளக்கப் பூதத்தான் ஸ்டாப்வாட்ச் பிடித்தான். அவன் அமுக்குவதற்குள் வேலை முடிந்திருந்தது. இன்னொரு தடவை, விரலை வாகாக வைத்துக்கொண்டு முயன்றான். அப்போதும் முடிந்திருந்தது. "இனிமே வேகம் கூட்டணும்னா என் விரலைத்தான் மாத்தணும்" என்றான். இசக்கியப்பனுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. இனி டயர் கடை இல்லை, தும்மல் இல்லை. மூன்று பேரும் கடலைமிட்டாய் வாங்கித் தின்று கொண்டாடினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி கடையில் மாவு மலைபோலப் பிசைந்து வைத்திருந்தார்கள். போர்டைப் போட்டார்கள். 'சுபம்' என்று பளிச்சென்று எரிந்தது. அதோடு சரி.

முதலில் வந்தவர் அண்ணாந்து பார்த்தார். "அடடா, முடிஞ்சிட்டு போல" என்று அடுத்த தெருக் கடைக்கு நடையைக் கட்டினார். பின்னால் வந்த குடும்பமும் பார்த்தது, திரும்பியது. வருகிறவர் எல்லாம் பார்ப்பதும் திரும்புவதுமாகவே இருந்தார்கள். கல் காய்ந்துகொண்டிருந்தது. தின்ன ஆள் இல்லை.

அண்ணாச்சி போர்டைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். வெறும் கோபம் இல்லை, அழுகிற நிலைமை.

"ஒருத்தன் சாப்பிடலவே! ஒருத்தன்!"

"கூட்டம் நிக்குதா அண்ணாச்சி?" என்று பணிவாகக் கேட்டான் இசக்கியப்பன்.

"எங்க நிக்குது? வந்த உடனே போயிருதான்."

"முந்தி?"

"முந்தி ஒரு மணி நேரம் நிப்பான்."

மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். அண்ணாச்சி அதைப் பார்த்தார். போர்டைத் தரையில் வைத்தார். இறங்கிப் போய்விட்டார்.

அப்போதுதான் இசக்கியப்பனுக்கு உறைத்தது. போர்டு இறங்கிவிட்டது. இவ்வளவு வேகமான மொழியை ஒருத்தர் வேண்டாம் என்று சொல்லுவாரா? அன்று அவன் கடலைமிட்டாயைத் தொடவே இல்லை.

சனிக்கிழமை காலையில் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு டயர் கடையில் போய் உட்கார்ந்தான். தனியாக விட மனசில்லாமல் மற்ற இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். பெரியப்பாவுக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

"வர்ற வண்டியக் காக்க வைக்காதீங்கல. பஞ்சர்னா சட்டுபுட்டுன்னு ஒட்டி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் மொபட்டில் வந்து இறங்கியவர் யார்? தங்கப்பழம் அண்ணாச்சிதான்.

"பஞ்சர் எல்லாம் இல்ல. பின் சக்கரத்துக்குக் காத்து மட்டும் அடிங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று டீக்கடைப் பக்கம் போனார்.

இசக்கியப்பனுக்குக் கை பரபரத்தது. போன மரியாதையை மீட்க ஆண்டவனே அனுப்பிய வாய்ப்பு!

"பஞ்சர் கடையில எங்க நேரம் வீணாவுது தெரியுமா?" என்றான் தும்மிக்கொண்டே. "முதல்ல ஆணி குத்துது. பெறகு வண்டியத் தள்ளிட்டு வாறான். பெறகு தண்ணித் தொட்டியில முக்கி ஓட்டையத் தேடுதோம். கடைசியிலதான் ஒட்டுதோம். சுபத்தைக் கடைசியில வச்ச மாதிரி."

"அப்ப முதல்லயே ஒட்டிருவோமா?" என்றாள் சொர்ணக்கிளி.

"அதேதான்."

டியூபைக் கழற்றினார்கள். ஓட்டை ஏதும் இல்லாததால் தேட வேண்டிய வேலை மிச்சமானது. நல்ல இடமாகப் பார்த்து ஒரு ஒட்டுப் போட்டு, திரும்ப மாட்டி, காற்றும் அடித்தார்கள். ரொம்பச் சுத்தமான வேலை.

பூதத்தான் மட்டும் தலையைச் சொறிந்தான். "மக்கா, சுபம் போட்டாச்சு. மத்ததெல்லாம் அப்புறம்னு சொன்னாங்களே. அந்த 'மத்தது' அப்படியே நிக்குதே?"

"வேலையைப் பாதியில விடக் கூடாது" என்று இசக்கியப்பன் ஆணியையும் சுத்தியலையும் எடுத்தான்.

அண்ணாச்சி டீ குடித்துவிட்டுத் திரும்பவும் உஸ்ஸ் என்ற சத்தம் அடங்கவும் சரியாக இருந்தது. அவர் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு பார்வை கடைக்குள் போனது. உள்ளே அலமாரியில் இருந்த பெரியப்பாவின் புது டியூப்களுக்கெல்லாம் சொர்ணக்கிளி அடுக்காக ஒட்டுப் போட்டு வைத்திருந்தாள். பூதத்தான் அவள் பின்னாலேயே ஆணியோடு போய்க்கொண்டிருந்தான்.

பெரியப்பா கல்யாணச் சாப்பாட்டு ஏப்பத்தோடு வந்து சேர்ந்தார். ஏப்பம் பாதியில் நின்றுவிட்டது. கடைக்குள் நடந்தார், ஒவ்வொரு டியூபாகத் தூக்கிப் பார்த்தார், பிறகு அப்படியே இசக்கியப்பனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏ சாமி, நல்லா இருப்ப, மேலயே போயிருல. மாடி உனக்குத்தான். என்ன மொழியும் செய்யி. கீழ மட்டும் இறங்காத."

"நானும் போர்டைத் திரும்ப மாட்டிக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி, மொபட்டைத் தள்ளிக்கொண்டே. "கடை சாத்துத நேரத்துல போட்டா உபயோகப்படும். இவன் கையில ஆணி இருக்கதுக்கு அது எவ்வளவோ மேல்."

மூன்று பேரும் மாடி ஏறினார்கள். வழக்கம்போலப் பூதத்தான் பாதிப் படியில் உட்கார, மற்ற இரண்டு பேரும் நின்றார்கள். இசக்கியப்பன் மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தான். பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து அந்தக் கடையிலதான் இருக்காரு, இன்னும் ரிட்டயர்டு ஆக முடியல" என்றான். "நான் காலையில சேந்தேன், மத்தியானத்துக்குள்ள ஆயிட்டேன். அவருக்கும் வேகம் கூட்டச் சொல்லிக் குடுக்கணும்."