வெற்றிலைவாய் மீனுக்குப் பேர் வைத்தவன்

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! கடலறிய, கரையறிய, இரண்டுக்கும் நடுவே ஓடித் திரியும் நண்டறியச் சொல்கிறேன்: இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் என்றால் இந்த நிமிஷமே என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். என்ன சிரிப்பு? ஏற்கெனவே கொட்டியது வேறு கணக்கு. கதையைக் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், கடல் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் உப்புக் குறைவாக இருந்த காலத்தில், நண்டுக்குழித்துறை என்றொரு துறைமுகம் இருந்தது. விசயகண்ட ராஜா அதை ஆண்டுவந்தார். நல்லவர்தான். போருக்குப் போகச் சொன்னால் யோசிப்பார், பந்திக்குப் போகச் சொன்னால் யோசிக்க மாட்டார்.

அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வலையில் எது வந்தாலும் ஏலக்காரன் அதன் பேரைக் கூவ வேண்டும். பேர் கூவினால்தான் ஏலம். பேர் இல்லாத மீன் கரையில் கிடக்கக் கூடாது, பிடித்தவனே தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கடலில் விட வேண்டும். புது மீன் ஒன்று வந்து ஏலக்காரன் அதற்குப் பேர் சொல்லிவிட்டால், முதல் துண்டு ராஜாவின் இலைக்கு. பொய்ப் பேர் சொன்னான் என்று தெரிந்தால், ஏலக்காரனின் நாக்கும் ராஜாவுக்கு.

இந்தத் துறைக்கு ஏலக்காரனாக இருந்தவன் வேம்படியான். அவன் குரல் இருக்கிறதே, அடடா! கரையில் நின்று "வஞ்சிரம்!" என்று கூவினால், நடுக்கடலில் போகிற வஞ்சிரம் "யாரு கூப்பிட்டது?" என்று தலையைத் தூக்கிப் பார்க்குமாம். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று அவன் முடிப்பதற்குள் அலைகூட அடிப்பதை நிறுத்திக் காத்திருக்குமாம்.

எல்லாம் சரி. ஒரே ஒரு குறை. "தெரியாது" என்ற சொல் அவன் வாயில் வராது.

கல்யாணமாகிப் பெண்டாட்டி செம்பாயியை ஊருக்கு அழைத்துவந்தபோதே வழி தவறிவிட்டான். ஒரே புளியமரத்தை மூன்று முறை சுற்றி வந்தார்கள். "வழி தெரியுமா, தெரியாதா?" என்று அவள் கேட்டாள். "தெரியாம என்ன? உனக்கு மரத்தக் காட்டிக்கிட்டிருக்கேன்" என்றான். அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது, தனக்கு வாய்த்தது என்ன சரக்கு என்று.

ஒரு நாள் காலையில் ஒரு மீன் வந்தது. வண்டிச் சக்கரம் அகலம். தலை இருந்தது. தலைக்குப் பின்னால் உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. யாரோ பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை நீந்த விட்டது போல இருந்தது. கரையே கூடி நின்று வாயைப் பிளந்தது.

வேம்படியான் மீசையைத் தடவினான். "இதுவா? இது முன்பாதி மீன். பின்பாதி பின்னாலே வரும்" என்றான்.

ஏலம் நடந்தது. முதல் துண்டு அரண்மனைக்குப் போனது. ராஜா சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை, பின்பாதி வந்ததும் சொல்லுங்கள்" என்றார். பாவம் ஜனங்கள், பொழுது சாயும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இன்னொரு நாள் இன்னொரு மீன் வந்தது. நாடா போல் மெலிந்து, தேர்வடம் போல் நீண்டு, பாதி தோணியிலும் பாதி கடலிலுமாக வந்தது. தலையில் செக்கச்செவேல் என்று ஒரு கொண்டை. வெள்ளித் தகடு போல் மின்னியது.

வேம்படியான் மீசையைத் தடவினான். "இது முடிவாளை. மீன்களுக்கெல்லாம் ராசா. இதோட ருசி உயர்ந்த குலத்து நாக்குக்குத்தான் தெரியும்" என்றான்.

முதல் துண்டு ராஜாவுக்குப் போனது. ராஜா மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் மந்திரி பார்த்துக்கொண்டிருந்தார். ராஜா கண்ணை மூடி, "ஆகா!" என்றார். மந்திரிக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். அவரும் கண்ணை மூடி, "ஆகாகா!" என்றார். சமையற்காரர் சட்டியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு, அவர்களைவிட ஒரு "கா" கூடவே போட்டார்.

மூன்றாவது மீன் வந்த அன்றைக்கு ராஜாவின் மகள் பவழவல்லிக்குக் கல்யாணம்.

அந்த மீனைக் கொண்டுவந்தவன் கருத்தமுத்து, செம்பாயியின் தம்பி. பாவம், பல நாளாக அவன் வலையில் பாசியும் கிளிஞ்சலும் தவிர ஒன்றும் வரவில்லை. அன்று கூடை கூடையாக வந்திருந்தது. ஆனால் அது என்ன மீனோ! தவளை மாதிரி உட்கார்ந்திருந்தது. துடுப்பைக் காலாக ஊன்றி மணலில் நடந்தது. எல்லாவற்றையும்விட அதன் வாய்! வெற்றிலை போட்டுச் சிவந்தது போல இரண்டு உதடும் ரத்தச் சிவப்பு. இப்போதுதான் பந்தியிலிருந்து எழுந்துவந்த சம்பந்தி மாதிரி எல்லாரையும் முறைத்துப் பார்த்தது.

"மாமா, ஒரு பேரச் சொல்லு மாமா. இல்லேன்னா அத்தனையும் மறுபடி கடலுக்குத்தான். வீட்டுல உலை வச்சுட்டு உக்காந்திருக்காக" என்று கருத்தமுத்து கெஞ்சினான்.

வேம்படியான் மீசையைத் தடவினான். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "பேரா? இது தாம்பூல மீன், மாப்ளே. கல்யாண மீன். இதப் பந்தியில போட்டா, மாப்பிள்ளை ஆயுசுக்கும் மாமனார் பேச்சத் தட்ட மாட்டான்."

சொல்லி வாய் மூடவில்லை, சேதி அரண்மனைக்குப் பறந்தது. ராஜா துள்ளிக் குதித்தார். "அத்தனை கூடையும் இங்கே வரட்டும்! மாப்பிள்ளை வீட்டார் எல்லாருக்கும் இரண்டு இரண்டு துண்டு போடுங்கள்!"

கூடைகள் போய்விட்டன. அன்றைய ஏலமெல்லாம் முடித்து, வேம்படியான் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினான். அங்கேதான் சுங்கம் கிடந்தது.

சுங்கம் என்பது துறைமுகத்துப் பூனை. எந்தக் கூடை இறங்கினாலும் தன் பங்கை எடுக்காமல் விடாது, அதனால் அந்தப் பேர். அன்றும் ஒரு வெற்றிலைவாய் மீனை இழுத்துப்போய்க் குடலைத் தின்றிருக்கிறது. இப்போது நாலு காலும் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. வாயில் நுரை.

"அடியே சுங்கம்!" என்று வேம்படியான் அதைக் குலுக்கினான். அது அசையவில்லை.

செம்பாயி அங்கே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "உண்மையச் சொல்லு. அது என்ன மீனுன்னு உனக்குத் தெரியுமா?"

வேம்படியான் கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே ஊரே பந்தியில் உட்காரப் போகிறது. ராஜா, மணப்பெண், மாப்பிள்ளை, பந்திக்கு வந்த குழந்தை குட்டிகள் எல்லாரும். போய் உண்மையைச் சொன்னால் இவன் நாக்கு போகும். நாக்கு போன ஏலக்காரன் எதற்கு ஆவான்?

"நின்னு யோசிக்கிற நேரமா இது? ஓடுய்யா!" என்றாள் செம்பாயி.

ஓடினான். உப்பளத்தைத் தாண்டி ஓடினான், தென்னந்தோப்பைத் தாண்டி ஓடினான், கோட்டை வாசலில் மேளக்காரர்களின் நடுவே புகுந்து ஓடினான். பந்தியில் இலை போட்டாகிவிட்டது. ராஜாவின் இலையில் முதல் துண்டு விழுந்துவிட்டது. மணம் மூக்கைத் துளைத்தது.

"மகராசா! இந்த மீன வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூடாது!" என்றான் மூச்சு வாங்க.

"இன்று புதன்கிழமை" என்றார் ராஜா. துண்டைப் பிட்டார்.

"மகராசா! இந்த மீன... மாமனார் சாப்பிடக் கூடாது. மாப்பிள்ளதான்..."

"புது மீனில் முதல் துண்டு எனக்கு. உங்கள் துறை வழக்கம்தானே ஐயா?" ராஜா துண்டைக் குழம்பில் தோய்த்தார்.

"மகராசா! இந்த மீன் பிடிபட்ட அன்னிக்கு ஓய்வெடுக்கணும். நாளைக்குத்தான்..."

சமையற்காரர் கரண்டியோடு முன்னால் வந்தார். "கொதிக்கிற குழம்புல கிடந்து எழுந்துவந்த மீனுக்கு இனிமே என்னய்யா ஓய்வு?"

பந்தியே சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சிரித்தபடியே துண்டை வாய்க்குக் கொண்டுபோனார்.

அப்போது வேம்படியான் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நடுக்கடல் வஞ்சிரத்தைத் திரும்பிப் பார்க்கவைத்த அந்தக் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தான்.

"தெரியாது ஒரு தரம்!"

மேளம் நின்றது.

"தெரியாது ரெண்டு தரம்!"

ராஜாவின் கை வாயருகே நின்றது.

"அது என்ன மீனுன்னு எனக்குத் தெரியவே தெரியாது, மூணு தரம்!"

அந்தச் சத்தத்தில் தூணில் கட்டிய வாழைத்தார் அறுந்து விழுந்தது. ராஜாவின் கையிலிருந்த துண்டும் விழுந்தது.

வேம்படியான் தரையில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னான். சுங்கம் கிடக்கிற கிடையைச் சொன்னான். முன்பாதி மீனைச் சொன்னான், முடிவாளையைச் சொன்னான். "தெரியாதுன்னு சொல்லக் கூச்சப்பட்டுப் பேர் வச்சேன் மகராசா. யாரும் அதுல கை வைக்காதீக. என் நாக்கு இந்தா இருக்கு" என்று நாக்கை நீட்டினான்.

கத்தியைக் கொண்டுவரச் சொல்லலாமா என்பது போல மந்திரி ராஜாவைப் பார்த்தார்.

மணக்கோலத்தில் இருந்த பவழவல்லி மெல்லக் கேட்டாள். "அப்பா, ஒன்று கேட்கட்டுமா? அந்த முடிவாளை உண்மையிலேயே ருசியாகவா இருந்தது?"

ராஜா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தி, "ஈரத்துணியை மென்ற மாதிரி இருந்ததம்மா" என்றார்.

"எனக்குப் பாய் மாதிரி இருந்தது அரசே" என்றார் மந்திரி தலையைக் குனிந்துகொண்டு.

"நான் துண்டைத் துப்பிட்டுத்தான் ஆகா சொன்னேன்" என்றார் சமையற்காரர்.

ராஜாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு பந்தல் முழுக்கக் குலுங்கும்படி சிரித்தார். "இவன் நாக்கை அறுத்தால் என் நாக்கையும் அறுக்க வேண்டும், மந்திரி நாக்கையும் அறுக்க வேண்டும். கல்யாண வீட்டில் பேச ஆள் இருக்காது" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "வேம்படியான், உன் நாக்கு இன்றுமுதல் எனக்குச் சொந்தம். ஆனால் அது உன் வாயிலேயே இருக்கட்டும். தினமும் ஏலம் தொடங்கும் முன்னால், 'எனக்குத் தெரியாத மீனும் உண்டு' என்று மூன்று தரம் கூவ வேண்டும். தெரியாத மீனைத் தெரியாது என்று சொல்லிக் கடலுக்கு அனுப்ப வேண்டும். வெறுங்கூடையோடு நிற்பவன் வீட்டுக்கு அன்றைய சோறு அரண்மனையிலிருந்து போகும்."

"அப்பாடா!" என்றது பந்தி முழுவதும். அந்தப் பெருமூச்சில் பந்தலுக்கு வெளியே நின்ற தென்னைமரங்கள் கொஞ்சம் சாய்ந்தன. இன்றைக்கும் கடற்கரைத் தென்னை சாய்ந்து நிற்பது அதனால்தான்.

குழம்பைக் குழி தோண்டிக் கொட்டினார்கள். பந்தியில் சாம்பாரும் அப்பளமும் பாயசமும் போட்டார்கள். அண்டாவில் உயிரோடு வைத்திருந்த மிச்ச வெற்றிலைவாய் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, கோட்டை வாசல் வழியாக, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தே கடலுக்குப் போயின. சத்தியம் செய்திருக்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

வேம்படியான் துறைக்குத் திரும்பினான். அங்கே சுங்கம் தின்றதையெல்லாம் கக்கிவிட்டு, செம்பாயி மடியில் கிடந்து, சாளைமீன் குஞ்சு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கருத்தமுத்து வீட்டுக்கு அரண்மனைச் சோறு மூடி போட்ட பானையில் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது.

"நாக்கு இருக்கா?" என்று கேட்டாள் செம்பாயி.

நீட்டிக் காட்டினான். அவளும் "அப்பாடா" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். "அன்னிக்குப் புளியமரத்தச் சுத்தினியே, வழி தெரிஞ்சா சுத்தின?"

"தெரியாது, செம்பாயி" என்றான் வேம்படியான். அந்தச் சொல் அவ்வளவு லேசாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. இன்னும் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். "தெரியவே தெரியாது!"

"போதும், போதும். சொல் புதுசா கிடைச்சதுன்னு ரொம்பச் செலவு பண்ணாத. வீட்டுக்கு வழியாவது தெரியுமா?" என்று அவள் முன்னே நடந்தாள்.

ஆகையால், தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் போவது கொஞ்சம் கௌரவம், தெரிந்ததுபோல் சொன்னால் போவது பிறர் உயிர்.

கதை முடிந்தது, எழுந்திருங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்களுக்குச் சொன்னது யார் என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள். துருவித் துருவிக் கேட்டால், "தெரியாது" என்று சொல்லிவிடுங்கள். அது எவ்வளவு நல்ல சொல் என்று இப்போதுதானே பார்த்தோம்!