மூடியில் ஒதுக்கிய துண்டுகள்

“ஞானம் கேட்டு வந்திருக்காவளாம். பெத்த மக போன் அடிச்சா எடுக்க மாட்டாவளாம்.”

ஆசிரமத்துச் சமையலறையில் பேச்சியம்மாள் சொன்னது, வெளியே குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்த சங்கரவடிவின் காதில் விழுந்தது.

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

சங்கரவடிவு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேரே சுவாமியிடம் போனாள். சுவாமி அவளைவிட வயதில் சிறியவர். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்துபோய், பலாமரத்தடியில் உட்கார்ந்து சுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“எனக்கு எப்ப தீட்சை தருவீங்க, சுவாமி?”

“என்ன அவசரம்?”

“பந்தம் எல்லாம் போதும்னுதான் இங்க வந்தேன். அது என்னை விடமாட்டேங்கு.”

“எது?”

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் காட்டினாள்.

“என் மக. சர்ச்சுக்குப் போற பையனக் கட்டிக்கிட்டா. அதோட நான் பேசல. இப்ப பிள்ள பொறந்திருக்கு. தெனமும் கூப்பிடுதா.”

“என்ன பிள்ளை?”

“ஆம்பளப் பிள்ளையாம்.”

“யார் சொன்னா?”

“எங்க மதினி.”

சுவாமி ஒரு வாய் குடித்தார்.

“அந்தப் பிள்ள யாரு, சுவாமி? துன்னூறு பூசுத எங்க பக்கமா, ஜெபம் பண்ணுத அவங்க பக்கமா? அது தெரியாம, யாருன்னு சொல்லி நான் தூக்க?”

கேட்டு முடிக்கும்போது அவள் குரல் உயர்ந்திருந்தது.

சுவாமி உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியுடன் திரும்பி வந்தார். எப்போதோ ஒரு விருந்தாளி விட்டுப்போனது. மூடியில் வெள்ளைக்காரர் காலத்து மதராஸ் மாகாண வரைபடம் அச்சாகியிருந்தது. உள்ளே அதே படம் துண்டு துண்டாகக் கிடந்தது.

“இதைச் சேர்த்து முடிங்க. அப்புறம் பேசலாம்.”

“இது சின்னப் பிள்ளைங்க விளையாட்டுல்லா?”

“ஆமா. பெரியவங்கதான் பாதியில கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிடுறாங்க.”

அவள் கோவித்துக்கொள்ளவில்லை. பாயை விரித்து உட்கார்ந்தாள்.

மாகாணம் ரோஸ் நிறம். சமஸ்தானங்கள் மஞ்சள். கடல் நீலம்.

அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கை. நிறம் நிறமாகப் பிரித்துக் குவித்தாள். இரண்டு நிறம் கலந்து வந்த துண்டுகளை மட்டும் மூடியில் ஒதுக்கினாள்.

அந்தப் பக்கமாக வந்த சுவாமி குனிந்து பார்த்தார்.

“மூடியில என்ன?”

“எதுலயும் சேராதது.”

“அப்ப விட்டுடுங்க.”

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். பாயோரம் போன் அடித்தது. திருப்பிக் கவிழ்த்தாள்.

“எடுக்கலையா?” என்றார் சுவாமி.

“தானா ஓஞ்சிரும்.”

ஒருவழியாக ஒரு மத்தியானம் சுவாமியைக் கூப்பிட்டாள்.

“முடிஞ்சிட்டு, சுவாமி.”

பாயில் ரோஸ் பெரிய தீவாகக் கிடந்தது. மஞ்சள் சின்னச் சின்னத் தீவுகள். நீலம் எட்டத்தில்.

“நல்லா இருக்கு,” என்றார் சுவாமி. “எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துடுங்க.”

அவள் மஞ்சளை ரோஸுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். பல்லோடு பல் கவ்வவில்லை. திருப்பி வைத்தாள். மறுபக்கமாக வைத்தாள். உள்ளங்கையால் அழுத்தினாள். ஒரு துண்டின் ஓரம் மடங்கியது.

“சேர மாட்டேங்கு.”

“அப்படியா?”

அவள் மூடியைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள்.

சுவாமி தும்மினார். தோள்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, மூடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பாதி ரோஸ், பாதி மஞ்சள். அதன்மேல் பொடி இங்கிலீஷ் எழுத்தில் ஓர் ஊர்ப் பெயர்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டினாள்.

“செங்கோட்டை.”

“தெரிஞ்ச ஊரா?”

“எங்க வீட்டுக்காரர் பொறந்த ஊரு. அங்கதான் என்னக் கட்டிக் குடுத்தாங்க.”

“எந்தப் பக்கம் அது?”

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயர் ரோஸில் தொடங்கி மஞ்சளில் முடிந்திருந்தது.

“இத எதுல வைக்கச் சொல்லுதீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

சுவாமி மூக்கைச் சிந்திக்கொண்டே போய்விட்டார்.

அவள் துண்டின் பற்களை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ரோஸின் ஓரத்தில் வைத்தாள். கவ்விக்கொண்டது. மஞ்சளை மெல்ல இழுத்துக்கொண்டு வந்தாள். அதுவும் கவ்விக்கொண்டது.

மூடியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். பிறகு இன்னொன்றை.

வெயில் சாய்ந்தபோது கடல் கரைக்கு வந்திருந்தது. மூடியில் எதுவும் மிச்சமில்லை.

சமையலறையிலிருந்து பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“காப்பி ஆறிப்போவுதுக்கா. படம் எங்கயும் ஓடிராது, வாங்க.”

சங்கரவடிவு போனை நிமிர்த்தி, மகளைக் கூப்பிட்டாள்.

“அம்மா?”

சங்கரவடிவு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அம்மா, நீங்கதானா?”

“பிள்ளயக் குளிப்பாட்டுதது யாரு?”

“நான்தான்மா. கை வழுக்குது. பயந்து பயந்துதான் ஊத்துறேன்.”

“நீ தலைய எப்படிப் பிடிக்க?”

மகள் அழத் தொடங்கினாள்.

“அழாத. கழுத்துக்கு அடியில கை இருக்கணும். மொதல்ல அதச் சொல்லு, இருக்கா?”

பதிலைக் கேட்டபடியே எழுந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, முற்றத்துக் கொடியில் கிடந்த தன் சேலைகளை, ஈரம் காயாததையும் சேர்த்து, ஒவ்வொன்றாக உருவி மூட்டை கட்டினாள்.