கோமளா போட்ட நாற்பத்திரண்டு குட்டி

ராக்கியண்ணன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியை நம்பலாம் என்று காங்கேயம் பக்கத்தில் சிலர் சொல்வார்கள். அப்பாவிகள். எந்தப் பாதியைக் கழிப்பது என்று ராக்கியண்ணனுக்கே தெரியாது.

அன்றைக்கு ஆவணி மாதத்து முதல் முகூர்த்தம். செண்பகவல்லி திருமண மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலையை மென்றபடி வேன் ஏறிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் சமையல்கட்டுச் சுவரோரமாக, வெண்பன்றி வளர்க்கிற மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஆறு நீல டிரம்கள். சோறும் சாம்பாரும் பொரியலும் ஒன்றாய்க் கலந்த மிச்சம் அவற்றில் கழுத்து வரை நிறைந்திருந்தது. மூன்று பேரின் கண்ணும் அதன்மேல்தான்.

அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு, வேறெங்கும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கல்யாணச் சோறு குப்பைக்குப் போகக் கூடாது, வம்சம் விருத்தியாகிற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று மண்டபத்தைக் கட்டிய பெரியவர் சொல்லி வைத்திருந்தார். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, இதே நாளில், பண்ணைக்காரர்களை நிற்க வைத்துக் கேட்பார்கள்: உன் தாய்ப்பன்றி கடைசி ஈத்துக்கு எத்தனை குட்டி போட்டது? அதிகம் சொல்கிறவர் கையில் பின்வாசல் சாவி. அடுத்த ஆவணி வரைக்கும் மண்டபத்து மிச்சமெல்லாம் அவருக்கு.

கேட்கிறவர் மேனேஜர் சிவசிதம்பரம். நெற்றி நிறைய விபூதி. பன்றி என்ற பேச்சு வந்தாலே வேட்டியை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷர் பண்ணைக்குப் போய்க் குட்டியை எண்ணிப் பார்ப்பாரா? சொன்னதைக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். சாவி மூன்று வருஷமாக ராக்கியண்ணன் இடுப்பிலேயே தொங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. போன வருஷம் பத்தொன்பது குட்டி என்று சொல்லி வாங்கினார்.

பூவாத்தாவுக்கு இந்த வருஷம் அந்தச் சாவி வேண்டும். ஆசைக்காக அல்ல. அவள் கொட்டிலில் ஐந்து தாய்ப்பன்றிகள். ஒன்று ஈன்று பன்னிரண்டு நாள் ஆகிறது, ஒன்பது குட்டிகள் மாறி மாறிக் காம்பை இழுக்கின்றன. சினையாக இருக்கிறபோது பன்றிக்கு அளந்துதான் போட வேண்டும். கொழுத்துவிட்டால் ஈன்ற குட்டியின் மேலேயே படுத்து நசுக்கிவிடும். ஈன்ற பிறகோ அது கேட்கக் கேட்கக் கொட்ட வேண்டும். கொட்டத்தான் அவளிடம் ஒன்றுமில்லை. தவிடும் மக்காச்சோளமும் விற்கிற விலைக்கு அவள் பாதி வயிறுதான் நிரப்பினாள். பன்றிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. மாதக் கடைசியில் இன்னும் இரண்டு ஈனப் போகின்றன. சாவி கிடைக்காவிட்டால் அஞ்சையும் கறிக்கடைக்கு ஏற்றிவிட வேண்டியதுதான் என்று புருஷன் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"நீ சொல்லு அம்மிணி" என்றார் மேனேஜர்.

"ஒம்பதுங்க." பொய் சொல்லலாம் என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். வாயைத் திறந்தால் உண்மைதான் வந்தது.

அடுத்தவர் சேவியர், தாராபுரம் ரோட்டுப் பண்ணைக்காரர். "பதினொண்ணுங்க" என்றார். அதில் ஒன்று செத்துப் பிறந்தது. அதையும் சேர்த்துச் சொன்னதற்கே அவருக்கு முகம் வேர்த்துவிட்டது.

ராக்கியண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி அதே தோளில் போட்டார். "எத்தனைன்னு கேட்டா எப்படிங்க சொல்றது? எங்க கோமளா காத்தால ஈனுனதக் கேக்கறீங்களா, பொழுது சாஞ்சு ஈனுனதக் கேக்கறீங்களா?"

மேனேஜர் முழித்தார். "ரெண்டு தடவையா ஈனுச்சு?"

"காத்தால பதினாலு. சரி, முடிஞ்சுதுன்னு நானும் கை கழுவீட்டு டீக்கடைக்குப் போயிட்டு வாரேன், இன்னொரு பதினாலு கெடக்குது. இருவத்தெட்டுங்க."

"ஏப்பா ராக்கியண்ணா," என்றார் சேவியர், "டீக்கடையில போண்டாவும் சாப்பிட்டிருந்தா முப்பது ஆயிருக்குமா?"

நியாயமாகப் பார்த்தால் ராக்கியண்ணன் இங்கே நிறுத்தியிருக்கலாம். பதினொன்றைத் தாண்ட இருபத்தெட்டு போதும். ஆனால் யாராவது சந்தேகப்பட்டால் அந்த மனுஷருக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும்.

"கேலி பண்றயா? சித்தெ பொறு, நான் முடிக்கல. இருவத்தெட்டையும் எண்ணிப் பாப்பம்னு உக்காந்தேன். நான் இந்தப் பக்கம் எண்ணிக்கிட்டுப் போறேன், அது அந்தப் பக்கம் போட்டுக்கிட்டே வருது. எண்ணி முடிக்கறப்ப நாப்பத்திரண்டு. நான் இன்னுங் கொஞ்சம் மெதுவா எண்ணியிருந்தா அம்பதத் தொட்டிருக்கும். எனக்குக் கணக்குல வேகம் சாஸ்தி, அதான் நட்டம்."

மேனேஜர் வேட்டியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பன்னிக்குக் காம்பு பதினாலுதான?" என்றாள் பூவாத்தா. குரல் தானாக உயர்ந்துவிட்டது. "நாப்பத்திரண்டும் எதுல குடிக்கும்?"

"நல்லாக் கேட்ட அம்மிணி. பதினாலு மூணு நாப்பத்திரண்டு. மூணு சிப்ட்டு. பக்கத்துல நூல் மில்லு இருக்குதல்ல? அங்க சங்கு ஊதுனா இங்க சிப்ட்டு மாறும். குடிச்ச பதினாலும் எந்திரிச்சு வாயத் தொடச்சுக்கிட்டு வலது பக்கமாப் போகும், அடுத்த பதினாலு எடது பக்கமா வரும். ஒரு இடி கெடையாது, ஒரு நெரிசல் கெடையாது. ஒரே ஒரு குட்டி மட்டும் ரெண்டாஞ் சிப்ட்டுலயும் பூந்து குடிச்சுது. கோமளா மூக்கால ஒரு தட்டு தட்டி மூணு நாளைக்கு வேலை நீக்கம் பண்ணிப்போட்டுது."

"மில்லுக்கு லீவு உட்டா?" என்று கேட்டார் மேனேஜர்.

"லீவு உட்டா குட்டியெல்லாம் ஊருக்குப் போயிரும்" என்றார் சேவியர். பூவாத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த மறு நொடியே வீட்டில் கிடக்கிற பன்றியின் விலா எலும்பு ஞாபகத்துக்கு வந்து, சிரிப்பு செத்துப்போனது.

"குட்டி மேல படுத்து நசுக்கலியாங்க?" மேனேஜர் கேட்டார். சுவாரசியத்தில் ஓரடி முன்னால் வந்திருந்தார்.

"நசுக்கறதா? கோமளாவா? படுக்கறதுக்கு முன்னால ஆஜர் எடுக்குமுங்க. ஒரு உறுமல் உறுமும், நாப்பத்திரண்டும் வரிசையா ஒரு சத்தம் குடுக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் படுக்காது. ஒரு குட்டி பக்கத்துத் தோட்டத்துக்கு வெளையாடப் போயிருச்சு. ரெண்டு நாளு நின்னுக்கிட்டே தூங்குச்சு, தாய் மனசு பாருங்க."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குத் தானே கண் கலங்குகிற ஆளை என்னதான் செய்ய முடியும்?

"பன்னிச் சினை மூணு மாசம், மூணு வாரம், மூணு நாளு. இது சின்னக் கொழந்தைக்கும் தெரியும்" என்று தொடர்ந்தார். "கோமளா சினைப்பட்டது ஆடிக்குள்ள முடியற மாதிரி. ஆடித் தள்ளுபடின்னு சொல்லி மூணு வாரத்தையும் மூணு நாளையும் எனக்குக் கழிச்சுக் குடுத்துருச்சு. மூணே மாசம். பாக்க வந்த கால்நடை டாக்டரு செருப்பக் கழட்டி வெளிய உட்டுட்டுத்தான் உள்ள வந்தாரு. ஊசி போட வந்தவரு, போடாம விழுந்து கும்பிட்டுட்டுப் போயிட்டாரு."

காலையில் ராக்கியண்ணன் திருப்பிக் கொடுத்திருந்த சாவியை மேனேஜர் மடியிலிருந்து எடுத்தார். மஞ்சள் கயிறு கட்டிய நீளமான இரும்புச் சாவி. "பெரியவர் சொன்னது வம்சம் விருத்தியாகற இடம். இதுக்கு மேல ஒரு விருத்தி இருக்குதா? நாப்பத்திரண்டு உசுரப் பெத்தவளுக்குத் தீனியும் அப்படித்தான வேணும்? எத்தனை டிரம்முங்க ஆகும் ஒரு நாளைக்கு?"

"பத்து டிரம்" என்றார் ராக்கியண்ணன், கையை நீட்டிக்கொண்டே.

சாவிக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. அஞ்சு பன்றியும் லாரியில் ஏறுவது பூவாத்தாவின் கண்ணுக்குத் தெரிந்தது. பொய்யில் அவரை ஜெயிக்க அவளால் ஆகாது, ஏழு ஜென்மம் எடுத்தாலும் ஆகாது. ஆனால் தீனி அவளுக்குத் தெரியும். ராக்கியண்ணனையும் தெரியும்.

"அதான பாத்தேன்" என்றாள் சத்தமாக. "பத்து டிரம் கொட்டுனா எங்க ஊட்டுக் கோழி கூட நாப்பது குட்டி போடும். இதுல உங்க சாமர்த்தியம் என்னுங்ணா இருக்குது?"

நீட்டிய கை அப்படியே நின்றது.

"யாரு சொன்னது பத்து டிரம்முன்னு?"

"நீங்கதானுங்க சொன்னீங்க."

"மத்தவன் பன்னிக்குப் பத்து டிரம் ஆகும்னு சொல்ல வந்தேன். கோமளாவுக்கா? ஒரு டிரம்."

"ஒரு டிரம்முங்களா?" பூவாத்தா உதட்டைப் பிதுக்கினாள். "என்ற பன்னி ஒம்பது குட்டிக்கே ஒரு டிரம் கேக்குது. அதுவும் இதுவும் ஒண்ணுதானாட்ட இருக்குது."

சேவியர் அவள் காதருகே குனிந்து, "ஏன் அம்மிணி அந்தாள உசுப்பி உடற?" என்று முணுமுணுத்தார். பூவாத்தா அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு நொடி கழித்துத்தான் சேவியருக்கு விளங்கியது. விளங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

"ஒரு டிரம் தின்னா அது சாதாரணப் பன்னிதானப்பா. நாங்கூட ஏதோ தெய்வப் பன்னின்னு நெனச்சுட்டேன்."

ராக்கியண்ணனின் மூக்கு நுனி சிவந்தது. "டிரம்முன்னா உங்க டிரம் இல்ல. எங்க ஊட்டுல சொம்பத்தான் டிரம்முன்னு சொல்லுவோம். ஒரு சொம்பு தவுடு. அதுலயும் பாதிய ஆண்பன்னிக்கு ஒதுக்கி வெச்சுரும்."

"பால் குடுக்கறதுக்குச் சொம்பு தவுடு போதுமுங்களா?"

"எதுக்குத் தவுடு? அது பழைய கதை. போன மாசத்துலருந்து ஒரு இட்லி. அதையும் திங்கறதில்ல. முன்னால வெச்சு ஒரு பார்வை பாக்கும், அதுலயே ஏப்பம் உட்டுரும். அந்த ஒரே இட்லியத்தான் பதினஞ்சு நாளா வெச்சு வெச்சு எடுக்கறோம்."

"தண்ணி?" இது சேவியர்.

"தொட்டியக் கண்டாலே மொகத்தத் திருப்பிக்கும்."

பூவாத்தா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்னும் ஒரு படி போதும். "பார்வையில ஏப்பம் உடறது பெரிசில்லீங்ணா. இட்லின்னு ஒண்ணு முன்னால இருக்குதல்ல. ஒண்ணுமே இல்லாம இருந்தாத்தான் அதிசயம்."

"ஒண்ணுமேதான் இல்ல!" ராக்கியண்ணன் கத்தினார். அவர் கத்தியதில், அண்டா தேய்த்துக்கொண்டிருந்த சமையல்காரர்கள் அதை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "நேத்தோட இட்லியையும் நிறுத்தியாச்சு. வாசம்! வெறும் வாசம்! காத்து இந்தப் பக்கமா அடிக்கறப்ப மண்டபத்துச் சாம்பார் வாசம் வரும், ஒரு இழுப்பு இழுக்கும், அன்னைக்கு நாளுக்குத் தீனி முடிஞ்சுது. நாப்பத்திரண்டுக்கும் பாலு பீச்சிக்கிட்டு அடிக்குது. சோத்தக் கண்ணுல காட்டுனா கோவிச்சுக்கும்! போன வாரம் தெரியாம ஒரு உருண்டை வெச்சுட்டேன், ஒரு நாளு பூரா என்ற கூடப் பேசல!"

சேவியர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ராக்கியண்ணன் ஜெயித்த முகத்தோடு மூன்று பேரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கையை மறுபடி மேனேஜர் பக்கம் நீட்டினார்.

மேனேஜர் சிவசிதம்பரம் கண்ணை மூடி நின்றிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் அத்தனையையும் நம்பியிருந்தார். கண்ணைத் திறந்து, சாவியோடு சேவியர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மேனேஜர்!" என்றார் ராக்கியண்ணன். "நாப்பத்திரண்டு நானுங்க!"

"அதனாலதானுங்க" என்றார் மேனேஜர், கையைக் கூப்பி. "அந்தத் தெய்வத்துக்குச் சோத்த அனுப்பி அதும் மனசக் கெடுத்தா எனக்குப் பாவம் வந்து சேரும். அதுக்கு அடுத்தபடி பதினொண்ணு சேவியருது..."

"செத்ததையும் சேத்துட்டனுங்க" என்றார் சேவியர் அவசரமாக. "உசுரோட பத்துதான். எனக்கு ஓட்டல் மிச்சம் வருது, போதுமுங்க. அம்மிணிக்கே இருக்கட்டும்."

மேனேஜர் சாவியைப் பூவாத்தாவின் கையில் வைத்தார். அவள் சாவியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் அச்சு விழுந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து, வேலையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். சேவியரும் இரண்டு சமையல்காரர்களும் கை கொடுக்க, ஆறு டிரம்மும் அவளுடைய குட்டியானை வேனில் ஏறின.

ராக்கியண்ணன் மெதுவாக வண்டி பக்கம் வந்தார். குரலை அவ்வளவு தாழ்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"அம்மிணி... ஒரே ஒரு டிரம் எறக்கிட்டுப் போறயா? ஊட்டுல பன்னி எல்லாம் கத்திக்கிட்டுக் கெடக்கும்."

பூவாத்தா வண்டியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"உங்க பண்ணை வழியாத்தானுங்ணா போறேன். மூடியத் தொறந்து வெச்சு, வண்டிய மெதுவா ஓட்டறேன். கோமளாவ ரோட்டோரமா வந்து நிக்கச் சொல்லுங்க."