எழுத்தெழுத்தாக

டீச்சர் ஹனீபாவைப் பார்த்து, “நல்லா வந்திருக்கு” என்றார். காலையில் கனகசபையிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். அதுவரை உள்ளே இனித்துக்கொண்டிருந்தது அந்த நிமிடத்தோடு கனகசபைக்குக் கசந்துபோயிற்று.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியை சௌந்தரவல்லி டீச்சர் அங்கே கணினிக்கு நிரல் எழுத ஒரு புதிய மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் இருவர். இருவருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. முதலில் வந்தவர் கனகசபை. பழைய அலுவலக நண்பர் ஹனீபாவைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அவரேதான். ஏன் கூட்டி வந்தோம் என்று இப்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

மொழி மந்தமாக ஓடியது. ஒரே பெயர் நூறு இடத்தில் வந்தால் நூறு நகல்களைச் சேர்த்து வைத்தது. இரண்டு பெயர்கள் ஒன்றா என்று அறிய ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டது.

டீச்சர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஒரு சொல்லை ஒரே இடத்தில் மட்டும் வைத்து, யார் கேட்டாலும் அந்த இடத்தையே காட்டுகிற அட்டவணை ஹனீபாவுக்கு. ஒப்பிடும் பகுதி கனகசபைக்கு. அது முடிந்ததும் நினைவகத்தைக் கட்டி ஆளும் பெரிய வேலை. மொழியின் உயிர் அதில்தான். அது தனக்குத்தான் என்று கனகசபை வெகுநாளாகக் காத்திருந்தார்.

பாராட்டு கிடைத்த அன்று மாலையில் இரண்டையும் இணைத்து ஓட்டினார்கள். வேகம் கூடவில்லை.

“என்ன ஓய், உம்ம அட்டவணை தூங்குதா?”

கேட்ட குரலில் இருந்த மகிழ்ச்சி கனகசபைக்கே கேட்டது.

“ஒண்ணும் வெளங்கல அண்ணாச்சி” என்றார் ஹனீபா. “ஒரு சொல்லு ரெண்டு இடத்துல உக்கார வழியே இல்லியே.”

டீச்சர் ஹனீபா எழுதியதைத் திறக்கவில்லை. கனகசபை எழுதியதைத் திறந்தார்.

“முதல்ல ரெண்டு சொல்லும் ஒரே இடத்துல இருக்கான்னு பார்க்கிறீங்க. சரி. அதுக்குப் பிறகும் எதுக்கு எழுத்தெழுத்தாப் பார்க்கணும்?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான் டீச்சர்.”

“யார்கிட்ட இருந்து?”

ஹனீபா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“ஹனீபா, கடிகாரம் எங்க இருக்கு?”

ஹனீபா சுவரைக் காட்டினார்.

“நீங்க காட்டுங்க, கனகசபை.”

அவரும் அங்கேயே காட்டினார்.

“அவர் காட்டினதும் நீங்க காட்டினதும் ஒரே கடிகாரமா? முள்ளு, எண்ணு எல்லாத்தையும் ஒத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

“அதுல பார்க்க என்ன இருக்கு டீச்சர்? அந்த இடத்துல இருக்கிறது ஒண்ணுதானே.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“அந்த வரிகளை எடுத்துடுங்க.”

கனகசபை ஒவ்வொரு வரியாக எடுத்தார். பாதுகாப்புக்காகவா அவற்றை எழுதினார்? ஹனீபாவின் அட்டவணை என்றாவது ஒரு சொல்லைத் தவறவிடும், அன்று தன் வரிகள் அதைப் பிடித்துக் கொடுக்கும் என்றுதானே?

மறுபடி ஓட்டினார்கள். ஹனீபா டீ டம்ளரை வாயருகே கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

“அண்ணாச்சி, பறக்குல்லா” என்றார் ஹனீபா. அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று கனகசபைக்குத் தோன்றியது.

“நினைவக வேலையை ஹனீபா பார்க்கட்டும்” என்றார் டீச்சர்.

“அண்ணாச்சியே பார்க்கட்டுமே டீச்சர். அவுகதான எனக்கு முன்னால வந்தவுக.”

“நீங்க பாருங்க.”

ஹனீபா டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கனகசபை எழுந்திருக்கவில்லை.

“டீச்சர், காலையில என்கிட்ட நல்லா வந்திருக்குன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“அப்புறம் அவர்கிட்டயும் அதையே சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அவர்கிட்டச் சொல்லும்போது லேசாச் சிரிச்சீங்க. என்கிட்டச் சொல்லும்போது சிரிக்கல.” கொஞ்சம் தயங்கினார். “ரெண்டும் ஒண்ணுதானா?”

டீச்சர் கணினியை அணைத்தார்.

“என்கிட்ட இருக்கிறதே ஒண்ணுதான், கனகசபை. ரெண்டு பேருக்கும் அது இருக்கிற இடத்தைத்தான் காட்டினேன்.”