கதவைப் பிடித்த கை

தில்லைநாயகியிடம் பொருள் வடிவமைப்பு கற்றுக்கொள்ள வந்தவர்களில் கடைசிவரை தங்கியவள் பிரசில்லா ஒருத்திதான். குருவைவிடச் சிஷ்யைக்கு வயது அதிகம். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்றாள். சிஷ்யை குருவை டீச்சர் என்றாள். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

கோவைக்கு வெளியே, இரண்டு அறையும் ஒரு கழிப்பறையும் கொண்ட சின்னப் பட்டறை. பிரசில்லா அங்கே வருவதற்கு முன் ஒரு நூற்பாலையில் நர்ஸாக இருந்தாள். ஆலை விடுதிப் பெண்கள் மாதவிலக்குக்குக் கழிவுப் பஞ்சைத் துணியில் சுருட்டி வைத்துக்கொண்டு, புண்ணோடு அவளிடம் வருவார்கள். களிம்பு கொடுத்துக் கொடுத்து வெறுத்துப்போய்த்தான் வேலையை விட்டாள். குணவதி என்கிற பெண்ணுக்கு மட்டும் புண் ஆறவே இல்லை. "உனக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

யாரோ புண்ணியவான்கள் விடுதிப் பெண்கள் எல்லோருக்கும் மாதவிடாய்க் கப் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிலிகானில் செய்த சின்னக் கிண்ணம். மடித்து உள்ளே வைத்தால் விரிந்து உதிரத்தைத் தாங்கிக்கொள்ளும். எடுத்துக் கொட்டிக் கழுவி மறுபடி வைக்கலாம். ஒருத்தியும் வைக்கவில்லை. ஹேர்பின் போட்டு வைக்க வசதியாக இருக்கிறது என்றார்கள்.

பிரசில்லா அதற்கு ஒரு கவ்வி செய்தாள். கப்பை மடித்துப் பிடித்துக்கொள்ளும். இழுத்து எடுக்க அடியில் ஒரு வளையம். பட்டறைக் கழிப்பறையில் தானே வைத்துப் பார்த்தாள், அவ்வளவு சுலபம். குருவையும் அழைத்துக்கொண்டு ஆலைக்குப் போய்க் கொடுத்தாள். "நல்லாருக்குக்கா" என்று எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியதோடு சரி.

"இதுக்கு மேல என்னங்க டீச்சர் சுலபம் பண்றது?" என்று கேட்டாள் பிரசில்லா.

தில்லைநாயகி ஸ்க்ரூடிரைவரை எடுத்துப்போய்ப் பட்டறைக் கழிப்பறையின் தாழ்ப்பாளைக் கழற்றினாள். அதைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

"இப்ப உள்ள போய் வெச்சுப் பாருங்க அக்கா."

பிரசில்லா போனாள். சாத்திய கதவு தானாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினாள். குரு வெளியே நின்று கதவைத் தட்டினாள். தள்ளினாள். "சீக்கிரம், சீக்கிரம்" என்றாள்.

பிரசில்லா வியர்த்து வெளியே வந்தாள்.

"ஒரு கை கதவப் புடிச்சுக்குதுங்க. மிச்சம் ஒரு கையில என்னத்தப் பண்றது?"

"மில்லுல ஒரு கதவுலயும் தாழ்ப்பாள் இல்லீங்க அக்கா. அன்னிக்கு உங்ககூட வந்தப்பப் போய்ப் பாத்தேன். விடுதிக்கும் அதேதான்."

"நான் அத்தன வருசம் அங்க இருந்தேனுங்களே. எனக்குத் தெரியாதே."

"நீங்க எங்க போவீங்க?"

பிரசில்லா தலையைக் குனிந்துகொண்டாள். நர்ஸ் அறைக்குத் தனிக் கழிப்பறை இருந்தது.

மறுநாளே ஆலை மேனேஜரிடம் போய்த் தாழ்ப்பாள் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "தாழ்ப்பாள் இருந்தா உள்ளயே உக்காந்துக்கறாங்கம்மா. இங்க மெசினு நிக்குது. நாங்களேதான் கழட்டினோம்" என்றார் தன்மையாக.

திரும்பி வந்து குருவிடம் சொன்னாள்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"ஒத்தக் கையில வைக்கற மாதிரி ஒண்ணு செய்யறேங்க டீச்சர்."

குரு மேசையில் கிடந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"செய்யுங்க."

மழை வந்து போனது. வெயில் வந்தது. பிரசில்லா வரைந்தாள், செய்தாள், உடைத்தாள். ஃபேன் காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க, மேசையில் கிடந்த தாழ்ப்பாளை அவற்றின் மேல் வைத்துக்கொள்வாள். பசி, தாகம், கழிப்பறை எதற்கு எழுந்தாலும் உடனே திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவாள்.

கடைசியில் பேனா போல ஒரு குழல் உருவானது. கப் அதற்குள் மடிந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் போதும். எடுப்பதற்கும் அதே கை. விடுதிப் பெண்கள் மெல்லப் பழகிக்கொண்டார்கள். குணவதிக்கும் புண் ஆறியது. அன்று பிரசில்லா ஜிலேபி வாங்கிவந்து குருவுக்கு ஊட்டிவிட்டாள்.

ஆலை ஆண்டு விழாவில் அவளைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். "இனிமே நம்ம பொண்ணுங்க போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது" என்று மேனேஜர் மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் பொன்னாடையோடு பட்டறைக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என்னாச்சுங்க அக்கா?"

"புதுசா கக்கூஸ் கட்டியிருக்காங்க டீச்சர். கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. தாழ்ப்பாள் வைக்க எடங்கூட உடலீங்க. ஏனுங்கன்னு மேனேஜரக் கேட்டேன். அதான் ஒத்தக் கையில ஆகற மாதிரி நீங்களே செஞ்சு குடுத்துட்டீங்களேன்னு சிரிக்கறாரு."

குரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"தூரமானா குணவதிக்கு வயித்த வலி உசுரு போகும். முன்னெல்லாம் உள்ள போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவாளாம். சூப்பர்வைசர் கண்டும் காணாம உட்டுருவாராம். இப்பப் போனதுமே தட்டறாங்களாம். அதான் குழல் இருக்கே, இன்னும் என்ன பண்றேன்னு. தாழ்ப்பாள் கேக்கப் போனீங்களேக்கா, என்னாச்சுன்னு கேக்கறா டீச்சர். நான் ஒருக்காதான் கேட்டேன். அப்புறம் அத மறந்தே போனேன்."

பொன்னாடை நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனியவில்லை.

"அந்தக் குழலச் செஞ்சிருக்கவே கூடாதுங்களா?"

தில்லைநாயகி மேசைக்குப் போனாள். தாள்களின் மேலிருந்த தாழ்ப்பாளை எடுத்து வந்து சிஷ்யையின் உள்ளங்கையில் வைத்தாள். ஓரமெல்லாம் துரு ஏறியிருந்தது.

"இது எந்தக் கதவோடதுங்க அக்கா?"

பிரசில்லாவுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. வந்ததும் கழிப்பறைப் பக்கம் திரும்பினாள். கதவு பாதி திறந்து கிடந்தது. ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் தெரிந்தன.

"இத்தன நாளா எப்படிப் போய்ட்டு வந்தீங்க?"

"கதவப் புடிச்சுக்கிட்டு" என்றாள் பிரசில்லா. அவளுக்கே கேட்காத குரலில்.

பிறகு நிமிர்ந்தாள்.

"நீங்களாச்சும் ஏனுங்க டீச்சர் அத மறுபடி மாட்டல?"

"மாட்டோணும்னுதான் மேச மேல வெச்சேன். அப்புறம் எனக்கும் பழகிப் போச்சுங்க அக்கா."