அறுபத்தோரு முழ மண்டபம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். தலைநகரின் நடுவே, ராஜாவின் தாத்தா கட்டிய நியாய சபை வானளாவ நின்றது. வாசல் கல்லில் ‘உயரம் அறுபது முழம்’ என்று வெட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பேரனுக்கு வயிற்றெரிச்சல்.

"அதற்கு எதிரிலேயே நமக்கொரு நகர மண்டபம் எழும்பட்டும். உயரம் அறுபத்தோரு முழம்!" என்று உத்தரவிட்டார்.

கருணாகர ஸ்தபதி மூன்று வருஷம் பாடுபட்டுக் கட்டினார். சாரத்தைப் பிரித்ததும் ஊரே திரண்டு வந்து பார்த்தது. புது மண்டபம் பழைய சபையின் தோளுக்குத்தான் வந்தது!

விஷயம் இதுதான். அந்த நாட்டில் எந்த ராஜா கட்டினாலும், அவர் கையை அளந்து செய்த முழக்கோலால்தான் அளப்பார்கள். தாத்தா ஆஜானுபாகு. பேரனோ அரியணையில் ஏறவே முக்காலி போட்டுக்கொள்பவர். வழக்கத்தை மீறாத ஸ்தபதி மாட்டிக்கொண்டார்.

"இது ராஜத் துரோகம், அரசே. ஸ்தபதியின் தலையை வாங்க வேண்டும். அவரைச் சிபாரிசு செய்த விகடகவியை நாடு கடத்த வேண்டும்" என்றார் மந்திரி திருமேனியார். விகடகவி சாத்தப்பன் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே காய்ச்சல்.

ராஜா முறைத்தார். "என்ன சொல்கிறாய், சாத்தப்பா?"

சாத்தப்பன் ஸ்தபதியைப் பார்த்தான். ஒரு நல்ல மனிதரின் தலை போகப்போகிறதே! ஆனாலும் பணிவாக வணங்கினான்.

"தண்டனையைக் கல்லில் வெட்டி மண்டப வாசலில் வைக்கலாம், பிரபு. நாளை சரித்திரம் கேட்குமல்லவா? குற்றம் என்னவென்று மந்திரியார் சொல்லட்டும்."

"மண்டபம் குள்ளம். அதுதான் குற்றம்!" என்றார் மந்திரி.

"கோல் அறுபத்தொன்று காட்டுகிறதே. அப்படியானால் கோலில் குறையா?"

"கோலில் ஒரு குறையும் இல்லை. அது அரசரின்..." மந்திரி மீதியை விழுங்கினார்.

"கோல் சரி, கணக்கும் சரி. பிறகு குள்ளம் எங்கேயிருந்து வந்தது, மந்திரியாரே? உரக்கச் சொல்லுங்கள். உளி தயாராக இருக்கிறது."

மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது. "அறுபதைவிட அறுபத்தொன்று பெரியது. ஸ்தபதி மேல் குற்றமே இல்லை, அரசே!"

ராஜா தன் கையைப் பார்த்தார். அரண்மனைச் சாளரத்தின் வழியே இரண்டு கட்டடங்களையும் பார்த்தார். திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஸ்தபதியின் கைக்குத் தங்கத் தோடா! சாத்தப்பனுக்குப் பத்து முழம் பட்டு!"

ஸ்தபதி கண்கலங்கிக் கும்பிட்டார். சாத்தப்பன் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"ஒன்றுமில்லை, பிரபு. அந்தப் பட்டைத் தங்கள் தாத்தாவின் கோலால் அளக்கச் சொன்னால் நன்றாக இருக்கும்."

ராஜா மறுபடியும் வயிறு குலுங்கச் சிரித்தார். தாத்தாவின் கோலையே எடுத்துவரச் சொல்லி, பத்துக்கு இருபதாக அளந்து கொடுத்தார்.